தேசிக்காய் உருளாத இடம்

நாலு சில்லுக்கு நாலு தேசிக்காய் நசித்தோம்
செங்கலடிச் சந்தியில்.
மிஞ்சின அஞ்சாவதை
மகள் வானின் தரையில் வைத்தாள்.
அது உருண்டுபோய்க் காஸ் அடுப்பில் முட்டியது.
"இங்க படுக்க ஏலாதம்மா, தலை கீழ போகும்."
அன்றிலிருந்து அதுதான் எங்கள் மட்டக்கோல்.

இருபது வருசம் பள்ளிக்கூட வானாய் ஓடினது இது.
சீற்றுகளைக் கழற்றிப் பலகை அடித்தோம்.
பழைய சாறன் கிழித்துத் திரை தைத்தேன்.
பின்கதவில் 'பிள்ளைகள் கவனம்'
எவ்வளவு உரசியும் அழியவில்லை.

ஓட்டுவது நான்.
இடம் பார்ப்பது விமலேந்திரன், கணக்கு வாத்தியார்.
கொப்பியில் கட்டம் கீறிப் புள்ளி போடுவார்:
நிழலுக்குப் பத்து, தண்ணிக்குப் பத்து,
கக்கூசுக்கு இருபது
(சண்டை பிடித்து நான் வாங்கின இருபது),
ஆனைக்குக் கழித்தல் ஐம்பது.

கரடியனாறு தாண்ட
பதுளை வீதி ஏறவும் இறங்கவும் தொடங்கியது,
படுத்து அசைபோடும் எருமையின்
விலாவில் ஊர்வது மாதிரி.
வயல் முடியப் பாறை. பாறை முடியப் பற்றை.
அடுத்த ஏற்றத்தில் மறுபடி வயல்,
அறுத்த தாளோடு.

உறுகாமக் குளக்கட்டில் தேசிக்காய் அசையவேயில்லை.
கச்சான் காற்று, கொக்கு, தூரத்து மலை நீலம்.
விமலேந்திரன் எழுபத்தொன்று போட்டார்.
கேத்தல் கொதிக்க முதல்
சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார்.
"கட்டில வாகனம் நிப்பாட்ட ஒண்ணா.
மறுகா எனக்குத்தான் பேச்சு விழும்."
கொதிக்காத தண்ணீரைக் குளத்துக்கே ஊற்றிவிட்டு
வெளிக்கிட்டோம்.

புல்லுமலைக்குக் கிட்ட ஒரு மருதமரம்.
அப்படி ஒரு நிழலை
கல்யாண மண்டபத்திலும் நான் கண்டதில்லை.
அதன் கீழே ஆவி அடங்காத லத்தி.
அவர் கழித்து முடிக்க முதல்
நான் ரிவேர்ஸ் எடுத்துவிட்டேன்.

இருட்டிவிட்டது.
மூவருக்கும் பசி; ஒருவரும் சொல்லவில்லை.
லைற் வெளிச்சத்தில் ஒரு நெல் ஆலை.
தகரக் கூரை, உமி மலை,
முன்னால் அகலமாய்ச் சீமெந்துத் தளம்,
அதில் முக்கால்வாசியும் சிறுபோக நெல்.
"ஓரமா நிப்பாட்டுங்க" என்றார் காவல்கார பூபாலரெத்தினம்.
"காசு வேணாம். மழை வந்தா எழும்பிப்
படங்கு இழுக்கணும். நான் ஒத்தை ஆள்."

நிழல் பூச்சியம். காட்சி, உமி.
கொப்பியைப் பார்த்தேன்: பதினெட்டு.
தேசிக்காய் மட்டும்
வைத்த இடத்தில் வைத்தபடி.
மீன் டின் உடைத்துப் பாணோடு தின்றோம்.
பகல் முழுக்கக் குடித்த வெயிலைச்
சீமெந்து எங்கள் கால்களுக்குத் திருப்பித் தந்தது.

இரண்டு மணிக்குக் கூரையில் முதல் துளி.
மறுகா நூறு.
வெறுங்காலோடு ஓடினோம்.
படங்கின் நாலு மூலைக்கு நாலு பேர்,
காற்று அதைத் தூக்க மகளும் அரையடி எழும்பினாள்,
கத்திக்கொண்டே, சிரித்துக்கொண்டே.
வாத்தியார் நெல்லில் சறுக்கி இருந்தார்.
கல்யாணமாகிப் பதின்மூன்று வருசம்,
அந்த மனிசன் அப்படிக் குலுங்கிச் சிரித்து
நான் பார்த்ததில்லை.

பிறகு வானுக்குள் மூன்று ஈரத் தலைகள்.
வெளியே தவளைகள்.
புழுங்கல் வாசமா, மழை வாசமா,
பிரிக்க முதலே தூங்கிப்போனேன்.

காலையில் பூபாலரெத்தினம்
சட்டியோடு சம்பல் கொண்டு வந்தார்.
"புளி இல்லாம இருந்திச்சி.
வாசல்ல ஒரு தேசிக்காய் கிடந்திச்சி."
மகள் சாப்பிடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாள்.
பிறகு இரண்டாம் முறையும் போட்டுத் தின்றாள்.

மகாஓயாப் பக்கம் கிறுகும்போது
அவள் மடியில் ஒரு விளாங்காய்.
எங்கே பொறுக்கினாளோ.
அது நேரே உருளாது, கோணலாய்ச் சுற்றும்.
இனி எந்த இடத்தை
எப்படித்தான் நம்புவது?
விமலேந்திரன் புதிய கட்டம் கீறுகிறார்.
மேலே என்ன எழுதுவதென்று
இன்னும் யோசிக்கிறார்.